விழிவெண்படலக் கூம்பு: ஒரு நோயின் உருவமும் அதனை அளந்த வரலாறும்

ஒரு நோய் எப்பொழுது தோன்றுகின்றது என்னும் வினாவிற்கு இருவகையாக விடை கூறலாம். உயிரியலாளர் உடலின் இழையங்களில் மாற்றம் தொடங்கும் கணத்தைச் சுட்டுவர். வரலாற்று மாணவனோ, மனிதர் அம்மாற்றத்தைப் பிற மாற்றங்களினின்றும் பிரித்தறிந்து, அதற்கொரு பெயரிட்டு, அதனை அளக்கத் தொடங்கிய காலத்தைச் சுட்டுவான். இவ்விரு விடைகளுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடத்தல் கூடும். அவ்விடைவெளியில் வாழ்ந்த நோயாளர், நோய் இருந்தும் நோயாளர் எனக் கணிக்கப்படாதவராய்க் கழிந்தனர்.

மருத்துவ வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கொள்ளைநோய்களின் கதையையோ பெருங் கண்டுபிடிப்பாளரின் கதையையோ எடுத்துரைப்பர். இங்கு ஆராயப்படும் நோய் இவ்விரண்டனுள்ளும் அடங்காதது. இஃது எவரது உயிரையும் கவர்வதில்லை. இதன் வரலாற்றில் தனியொரு நாயகனும் இல்லன். ஆயினும், இளமைப் பருவத்தில், பெரும்பாலும் கல்வி கற்கும் வயதில் தொடங்கி, முப்பதுகளின் இறுதி வரை வளர்ந்து செல்லும் இயல்பினது ஆதலின், பல்கலைக்கழகச் சமூகம் இதனை அறிந்திருத்தல் பொருத்தமுடையது. கண்ணின் முன்புறத்தேயுள்ள ஒளிபுகும் படலம், தன் கோளவடிவை இழந்து கூம்புருப் பெறுதலே இந்நோயாகும். மேலைநாட்டு வைத்தியர் இதனைக் கெராற்றோகோனஸ் என்பர். கொம்பு எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் கூம்பு எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லும் இணைந்து அப்பெயர் அமைந்தது. இக்கட்டுரையில் அது விழிவெண்படலக் கூம்பு என வழங்கப்படும்.

இந்நோயின் வரலாறு, அதன் உருவத்தை அளக்க முயன்ற கருவிகளின் வரலாறேயாகும் என்பதும், அறிவும் சிகிச்சையும் இங்கு நெடுங்காலம் வெவ்வேறு வழிகளிற் சென்றன என்பதும், இந்நோயை அபூர்வமானதெனக் கொண்ட பழைய கணிப்பு அக்காலக் கருவிகளின் எல்லையையே பெரிதும் காட்டிற்று என்பதும் இக்கட்டுரையில் நிறுவ முயலப்படும் கருத்துக்களாகும்.

நோயின் இயல்பு

விழிவெண்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீற்றர் தடிப்புடையது. அதன் முன்மேற்பரப்பின் வளைவாரை சராசரியாக 7.8 மில்லிமீற்றர் ஆகும். கண்ணிற் புகும் ஒளியை முறித்துக் குவிக்கும் வேலையை வில்லையே செய்கின்றதெனப் பலரும் எண்ணுவர். உண்மையில் அவ்வேலையின் மூன்றில் இரண்டு பங்கை விழிவெண்படலமே ஆற்றுகின்றது. கண்ணின் மொத்த வலு ஏறத்தாழ 60 டயொப்டர் எனில், அதில் 43 அளவு இப்படலத்திற்குரியது. ஆகவே இப்படலத்தின் வடிவத்தில் நிகழும் மிகச் சிறிய மாற்றமும் பார்வையைப் பெரிதும் குலைக்கும்.

கூம்பு நோயிலே, படலத்தின் நடுப்பகுதிக்குச் சற்றுக் கீழாக உள்ள ஓரிடம் மெலியத் தொடங்குகின்றது. கண்ணின் உள்ளமுக்கம் இயல்பான அளவிலேயே இருப்பினும், மெலிந்த இடம் அவ்வமுக்கத்தைத் தாங்கமாட்டாது முன்னோக்கிப் புடைக்கின்றது. முதலிற் குறும்பார்வை மிகும். பின்னர், ஒரு திசைக்கும் மற்றொரு திசைக்கும் இடையே முறிவு வேறுபடும். அதன் பின்னர் எவ்வகை ஒழுங்கிற்கும் அடங்காத கோணல் தோன்றும். தெருவிளக்கு ஒவ்வொன்றும் வால் முளைத்தது போற் காணப்படும். வானிலுள்ள ஒரு நிலவு பல நிலவாகத் தோன்றும். மூக்குக்கண்ணாடியை எத்துணை முறை மாற்றினும் எழுத்துக்கள் தெளியா. வழக்கமாக இரு கண்களும் பாதிக்கப்படும். ஆனால் ஒன்று முந்தியும் மற்றது பிந்தியும் செல்லும். கண்ணில் வலியோ சிவப்போ பெரும்பாலும் இராது. புறத்தே நோக்குவார்க்கு அக்கண் நல்ல கண்ணாகவே தோன்றும். நோயாளியின் முறைப்பாட்டிற்கும் பிறர் காண்பதற்கும் இடையேயுள்ள இம்முரண்பாடு, இந்நோயின் வரலாறு முழுவதிலும் ஊடுருவி நிற்கின்றது.

பெயரிடப்பட்ட காலம்

ஜேர்மனியின் ரியூபிங்கன் நகரப் பேராசிரியர் பேர்க்காட் மௌகார்ட் என்பாரின் பெயரோடு இணைந்த 1748ஆம் ஆண்டு ஆய்வேடே இந்நோயைப் பற்றிய தொன்மையான விவரணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. அதில் இது ‘ஒளிபுகும் ஸ்தபிலோமா’ எனக் குறிக்கப்பட்டது. ஸ்தபிலோமா என்பது திராட்சைக் குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. புண்ணாகிப் புடைத்த கண்களை அக்கால வைத்தியர் அப்பெயராற் சுட்டினர். புடைத்தும் தெளிவு குன்றாதிருந்த கண்ணைக் கண்டபோது, பழைய பெயரோடு ஓர் அடைமொழியைச் சேர்ப்பதன்றி வேறு வழி அவர்களுக்கு இருக்கவில்லை. புதியதொரு பொருளைப் பழைய வகைப்பாட்டினுள் அடக்க முயலும் இப்போக்கு அறிவியல் வரலாற்றிற் பலகாலும் காணப்படுவதாகும்.

தெளிவான பிரிவினை நிகழ்வதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது. 1854இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரைச் சேர்ந்த ஜோன் நொட்டிங்ஹம் இந்நோயைப் பற்றித் தனியொரு நூலே வெளியிட்டார். ஒரு பொருள் பலவாகத் தோன்றல், படலத்தின் வலுவின்மை, பொருத்தமான கண்ணாடி கிடைத்தற்கருமை ஆகிய இயல்புகளை அவர் தொகுத்துரைத்து, பிற புடைப்பு நோய்களினின்றும் இதனை வேறுபடுத்தினார். அவரது நூலின் சிறப்பு, புதியதொரு கருவியாலன்றி, நோயாளர் கூறியவற்றைப் பொறுமையோடு கேட்டுத் தொகுத்தமையால் விளைந்தது என்பது மனங்கொளத்தக்கது.

அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே, 1851இல், ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ற்ஸ் கண்ணின் உட்புறத்தைக் காண உதவும் கருவியை வெளியிட்டிருந்தார். இலண்டனைச் சேர்ந்த வில்லியம் போமன் 1859இல் அக்கருவியைக் கூம்புநோயை அறிதற்குப் பயன்படுத்தினார். உட்புறத்தைக் காணப் பிறந்த கருவியின் ஆடியைத் தக்கவாறு சரித்துப் பிடிப்பின், படலத்தின் கூம்புரு வெளிப்படும் என்பதை அவர் விளக்கினார். பத்தாண்டுகளின் பின், 1869இல், சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த யொஹான் ஹோர்னர் இந்நோயின் சிகிச்சை பற்றி எழுதியபோது, இன்று வழங்கும் பெயர் நிலைபெறலாயிற்று. இவ்வாறு முதல் விவரணத்திற்கும் நிலையான பெயருக்கும் இடையே 121 ஆண்டுகள் கழிந்தன.

ஆடியாகிய கண்

பெயரிடுதல் ஒரு படி. அளத்தல் அடுத்த படி. உயிருள்ள ஒருவரின் கண்ணைத் தொடாமலே அதன் வளைவை அளப்பது எங்ஙனம்? இதற்கான விடை, நோய்க்குப் பெயர் கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்னரே, வேறொரு நோக்கில் தேடப்பட்டது. இயேசுசபைத் துறவியும் வானியலாளருமான கிறிஸ்தோப் ஷைனர் 1619இல் வெளியிட்ட ஒளியியல் நூலில் எளிய முறையொன்றைக் கூறினார். விழிவெண்படலம் ஒரு சிறு குவிவாடி போன்றது. சாளரத்தின் விம்பம் அதிற் சிறிதாகத் தெரியும். வெவ்வேறு பருமனுள்ள கண்ணாடிக் குண்டுகளைக் கண்ணருகே பிடித்து, எந்தக் குண்டிலே சாளரம் அதே அளவினதாகத் தெரிகின்றதோ அதன் ஆரையே கண்ணின் ஆரை என்றார் அவர். இன்றுள்ள பல கருவிகளின் அடிப்படைத் தத்துவமும் இதுவே: கண்ணை ஆடியாகக் கொண்டு, அதிற் பிரதிபலிக்கும் விம்பத்தை அளத்தல்.

1801இல் வெளிவந்த தோமஸ் யங் என்பாரின் ஆய்வு இவ்வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவது. யங் தம் கண்ணையே ஆய்வுகூடமாக்கிக் கொண்டார். தமது கண்ணில் ஒளி ஒரு புள்ளியிற் குவியாமல் திசைக்குத் திசை வேறுபடுவதை அவர் கண்டார். இக்குறை படலத்தில் உள்ளதா, உள்ளேயுள்ள வில்லையில் உள்ளதா என அறிய, நீர் நிரம்பிய சிறு குழலொன்றைக் கண்ணோடு பொருத்தினார். நீரின் முறிவுச் சுட்டியும் படலத்தின் முறிவுச் சுட்டியும் அண்மியன ஆதலால், நீரினுள் படலத்தின் வலு ஏறத்தாழ அற்றுப்போகும். அப்பொழுதும் குறை நீங்காமையின், அது வில்லையைச் சார்ந்தது என முடிபு கொண்டார். இப்பரிசோதனை கூம்புநோயைப் பற்றியதன்று. ஆயினும் இதிலே கண்ட தத்துவம் கூம்புநோயாளரின் பார்வையை மீட்கப் பயன்பட்டதைப் பின்னர்க் காண்போம்.

1825இல் கேம்பிரிட்சில் ஜோர்ஜ் எயரி தமது கண்ணின் குறைக்கு உருளைவடிவ வில்லையைப் பயன்படுத்தினார். அன்று முதல், ஒழுங்கான சமச்சீரின்மையைக் கண்ணாடியாலே திருத்தலாம் என்பது தெளிவாயிற்று. இதன் மறுபக்கமும் நோக்கத்தக்கது. உருளை வில்லையாலும் திருந்தாத கண் எனத் தனியொரு வகை அதன்பின்னரே துலங்கிற்று. திருத்தத்தக்கதை அறிந்த பின்னரே திருத்தவொண்ணாததன் எல்லை தெரியவந்தது.

அளவையைத் துல்லியமாக்கியவர் மீண்டும் ஹெல்ம்ஹோல்ற்ஸே. உயிருள்ள கண் ஒருகணமேனும் அசையாது நிற்பதில்லை. அசையும் விம்பத்தை அளவுகோல் கொண்டு அளத்தல் இயலாது. வானியலாளர் கையாண்ட உபாயமொன்றைத் தழுவி, சரிந்த இரு கண்ணாடித் தகடுகளால் விம்பத்தை இரட்டிப்பித்தார் அவர். இரு விம்பங்களும் ஒருங்கே அசைவதால், அவற்றின் ஓரங்கள் தொட்டு நிற்குமாறு தகடுகளைத் திருப்பி, திருப்பிய கோணத்திலிருந்து வளைவைக் கணிக்கலாயிற்று. ஆய்வுகூடத்திற்குரிய இக்கருவியை வைத்தியசாலைக்குரியதாக மாற்றியோர், பரிசில் பணியாற்றிய எமில் ஜவாலும் நோர்வேயைச் சேர்ந்த யல்மார் ஷியோட்சும் ஆவர். அவர்களது கருவி 1881இல் வெளிவந்தது. பிறர் கண்களை அளக்கும் கருவியை ஆக்கிய ஜவால், பின்னாளில் கண்ணமுக்க நோயாற் பார்வையை முற்றாக இழந்தார் என்பதும், அதன் பின்னரும் பார்வையிழந்தோரின் வாழ்வு பற்றி நூலெழுதினார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கன.

வட்டங்கள் காட்டிய கோணல்

ஜவாலின் கருவிக்கு ஒரு பெருங் குறை இருந்தது. படலத்தின் நடுவே ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் இடைவெளியிலுள்ள புள்ளிகளை மட்டுமே அது அளந்தது. அவற்றிற்கு அப்பாலுள்ள பரப்பு ஒழுங்கானதென முற்கோளாகக் கொண்டது. கூம்பு நடுவே அமையாது கீழே அமையின், கருவியின் கண்ணில் அது படாது. ஒழுங்கு என்னும் முற்கோளின் மேல் எழுந்த அளவை, ஒழுங்கின்மையையே இயல்பாகவுடைய நோயைக் காணமாட்டாதது வியப்பன்று.

இக்குறைக்கு மாற்றான கருவி அதே காலத்தில் மிக எளிய உருவில் தோன்றியது. போர்த்துக்கலின் ஒப்போர்ட்டோ நகரைச் சேர்ந்த அந்தோனியோ பிளாசிடோ 1880இல் ஒரு வட்டத்தட்டை அறிமுகஞ் செய்தார். கறுப்பும் வெள்ளையுமாக மாறிமாறி அமைந்த ஒருமைய வட்டங்கள் அதிலே தீட்டப்பட்டிருந்தன. நடுவேயுள்ள துளையினூடு வைத்தியர் நோக்க, நோயாளியின் படலத்தில் வட்டங்கள் பிரதிபலிக்கும். நல்ல கண்ணில் அவை வட்டமாகவே தெரியும். வளைவு மிகுந்த இடத்தில் அவை நெருங்கியும், வளைவு குறைந்த இடத்தில் அகன்றும் நிற்கும். கூம்புற்ற கண்ணில் அவை முட்டையுருக் கொண்டு ஒரு பக்கமாகச் சாயும். எண் எதுவும் இன்றி, முழுப்பரப்பையும் ஒரே பார்வையிற் காட்டிய கருவி அது. ஜவாலின் கருவி சிறு பகுதியைத் துல்லியமாக அளந்தது. பிளாசிடோவின் தட்டு பெரும்பகுதியை அளவின்றிக் காட்டியது. பின்வந்த ஒரு நூற்றாண்டு ஆய்வும், இவ்விரண்டனையும் ஒன்றிணைக்கும் முயற்சியே எனக் கூறின் மிகையாகாது.

சுவீடனைச் சேர்ந்த அல்வார் குல்ஸ்திராண்ட் 1896இல் இவ்வட்டங்களைப் புகைப்படமாகப் பிடித்து, அப்படத்தை அளந்து வளைவைக் கணித்தார். கண்ணின் ஒளியியல் பற்றிய ஆய்வுகளுக்காக 1911இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் கூம்புநோயின் எல்லையையே மாற்றியவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த மார்க் அம்ஸ்லர் ஆவார். 1938இலும் 1946இலும் வெளிவந்த கட்டுரைகளில் அவர் முன்வைத்த கருத்து அக்காலத்திற் புதியது. வட்டங்களின் விம்பத்திலே கிடைக்கோடு நேராக அமையாமல் நடுவே முறிந்து நிற்றலை அவர் அளந்தார். அம்முறிவுக் கோணம் மூன்று பாகைக்கு உட்பட்டதாயின், அதனை வளராது நின்ற அரும்புநிலையென்றும், நான்கு முதல் எட்டுப் பாகையாயின் தொடக்கநிலையென்றும் வகுத்தார். புறத்தே துலங்கும் கூம்பும், கருவிக்கு மட்டுமே புலப்படும் இச்சிறு கோணலும் வெவ்வேறு நோய்களல்ல, ஒரே நோயின் படிநிலைகளே என்பது அவர் துணிபு. இதனால் ‘இருக்கிறது, இல்லை’ என்றிருந்த நோய், ‘எவ்வளவு இருக்கிறது’ என்று வினவத்தக்கதாயிற்று.

சிகிச்சை சென்ற வழி

அளவை இவ்வாறு நுணுக்கமுற்று வர, சிகிச்சை வேறொரு வழியிற் சென்றது. போமன் நுண்ணிய கொக்கியொன்றைப் படலத்தினூடு செலுத்தி, கதிராளியை இழுத்து, கண்மணியைப் பூனையின் கண்மணி போல் நெடுக்குப் பிளவாக ஆக்கினார். எட்டு அங்குலத் தொலைவில் விரல்களை எண்ணமாட்டாதிருந்த பதினெட்டு வயதுப் பெண்ணொருத்திக்கு ஓரளவு பார்வை மீண்டதென அவர் அறிவித்தார். ஹோர்னரின் காலத்தில், புகழ்பெற்ற ஜேர்மன் வைத்தியர் அல்பிறெக்ற் வொன் கிறேபேயின் ஆதரவோடு, வெள்ளி நைத்திரேற்றினாற் கூம்பின் முனையைச் சுட்டு, கண்மணியைச் சுருக்கும் மருந்திட்டு, அழுத்திக் கட்டும் முறை வழங்கியது.

இவற்றை இன்று வாசிப்போர் இகழ்ந்து நகைத்தல் எளிது. ஆனால் வரலாற்று மாணவனுக்கு அது தகாது. கண்மணியைப் பிளவாக்கின், ஒழுங்கற்ற பரப்பின் பெரும்பகுதி மறைந்து, ஒளி ஒரு சிறு பகுதியினூடு மட்டுமே புகும். பார்வை சற்றே தெளியும். சுட்ட இடத்தில் வடு தோன்றின் படலம் இறுகித் தட்டையாகும். அறிந்தவற்றிலிருந்து முறையாகப் பெறப்பட்ட முடிபுகளே இவை. மெலிந்த படலத்தை இறுகச் செய்தல் வேண்டும் என்ற அந்நோக்கமே, 2003இல் வேறு உருவில் வெற்றி கண்டது.

கத்தியும் நெருப்புமற்ற வழி கண்ணாடியினூடு வந்தது. ஒழுங்கற்ற படலத்தின் மீது, ஒழுங்கான கண்ணாடிக் கவசமொன்றைப் பொருத்தி, இடைவெளியைக் கூழ் போன்ற ஒளிபுகும் பொருளால் நிரப்பலாம் என்னும் யோசனையை வானியலாளர் ஜோன் ஹேர்ஷல் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே எழுதியிருந்தார். 1888இல் இது செயலுருப் பெற்றது. சூரிச்சில் அடோல்ப் பிக், முயலின் கண்களிற் சோதித்து, பின் தம் கண்ணிலும் அதன்பின் நோயாளர் கண்களிலும் கண்ணாடிக் கவசங்களை இட்டார். இடைவெளியை முந்திரிகைச் சர்க்கரைக் கரைசலால் நிரப்பினார். அதேயாண்டில் பரிசில் யூஜீன் கால்ற் கூம்புநோயாளருக்கே அத்தகைய கவசத்தைப் பொருத்தினார். கூம்பை அமுக்கித் தட்டையாக்குதலே கால்ற்றின் நோக்கம். உண்மையிற் பார்வையைத் திருத்தியது அமுக்கமன்று. கவசத்திற்கும் படலத்திற்கும் இடையே நின்ற திரவமே கோணலை மறைத்தது. யங் தம் கண்ணை நீரில் ஆழ்த்திக் கண்ட தத்துவம் இங்கு நோயாளருக்கு மருந்தாயிற்று. 1948இல் அமெரிக்காவில் கெவின் ரூகி, படலத்தின் மீது மட்டும் அமரும் சிறிய பிளாத்திக்குத் தொடுவில்லையை ஆக்கிய பின்னர், கூம்புநோயாளர் பலருக்குக் கல்வியும் தொழிலும் கைகூடின.

தொடுவில்லையும் உதவாத நிலையில் எஞ்சியது படலமாற்றுச் சத்திரசிகிச்சையாகும். 1905 டிசம்பரில், இன்று செக் குடியரசிலுள்ள ஒலமௌட்ஸ் நகரில் எடுவார்ட் ஸிர்ம் மனிதரில் முதல் வெற்றியைக் கண்டார். அந்நோயாளி சுண்ணாம்பாற் கண் வெந்தவர். கூம்புநோய்க்கு இச்சிகிச்சையை 1936இல் நியூயோர்க்கில் றமோன் கஸ்த்ரோவியேஹோ மேற்கொண்டார். படலத்திற் குருதிக்குழாய்கள் இல்லாமையின், பிறர் இழையத்தை அது ஏற்குந் தன்மை ஏனைய உறுப்புக்களினும் மிகுந்தது. கூம்புநோயாளரிடத்து இச்சிகிச்சை சிறப்பாகப் பயனளித்தது. பல நாடுகளிலே படலமாற்றுக்கான முதன்மைக் காரணங்களுள் ஒன்றாக இந்நோய் விளங்கிற்று.

இவ்விடத்து எமது நாட்டின் பங்கும் நினைவுகூரத்தக்கது. படலத்தை மாற்றுதற்கு இறந்தார் ஒருவரின் கண் வேண்டும். மருத்துவ மாணவராயிருந்த காலத்தே கண்தானத்தை வேண்டி எழுதத் தொடங்கிய ஹட்சன் சில்வா, 1961இல் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். இறந்த தம் தாயின் கண்களைத் தானமாக அளித்து அவர் அவ்வியக்கத்திற்கு முன்னின்றார். 1964இல் பனிக்கட்டியிட்ட குடுவையொன்றில் இங்கிருந்து கண்கள் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்டன. அதன்பின் பல்வேறு நாடுகளுக்கும் இலங்கையரின் கண்கள் சென்று சேர்ந்தன. தானம் என்னும் அறக்கருத்து ஆழ வேரூன்றிய மண்ணில், மருத்துவத்தின் தேவையும் சமயப் பண்பும் ஒன்றிணைந்தமையை இது காட்டுகின்றது.

ஆயினும் ஒன்று தெளிவு. தொடுவில்லை பார்வையைத் திருத்திற்று, நோயைத் தடுக்கவில்லை. படலமாற்று, நோய் தன் வேலையை முடித்த பின்னரே வந்தது. அம்ஸ்லர் அரும்புநிலையிலேயே நோயைக் கண்டபோதும், கண்டறிந்த வைத்தியர் காத்திருத்தலன்றிச் செய்யத்தக்கது யாதும் இருக்கவில்லை.

கணினியும் புதிய தேவையும்

1980களில் கணினி இத்துறையிற் புகுந்தது. வட்டங்களின் விம்பத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை அளந்து கணித்தல், மனிதர்க்கு நாட்கணக்கான உழைப்பு. கணினிக்கு அது சில கணப்பொழுது. அமெரிக்காவைச் சேர்ந்த ஸ்ரீபன் கிளைஸ் 1984இல் கணினித்துணையுடனான அளவை முறையை வெளியிட்டார். வளைவு மிகுந்த இடத்தைச் செந்நிறத்தாலும் குறைந்த இடத்தை நீலநிறத்தாலும் காட்டும் படங்கள் அதன் வழியாக வழக்கிற்கு வந்தன. புவியியலாளர் மலையையும் பள்ளத்தையும் நிறத்தாற் காட்டுவது போலவே இதுவும். பிளாசிடோவின் முழுப்பார்வையும் ஜவாலின் எண்ணும் இவ்வாறு ஒன்றாயின. பின்னர் 1990களிலும் 2000களிலும், ஒளிக்கீற்றைப் படலத்தினூடு செலுத்தி அதன் பின்மேற்பரப்பையும் தடிப்பையும் அளக்கும் கருவிகள் தோன்றின. பின்மேற்பரப்பின் புடைப்பு முன்மேற்பரப்பின் மாற்றத்திற்கு முந்தியே தென்படக்கூடும் என்பது அவற்றால் அறியவந்தது.

இக்கருவிகள் விரைந்து பரவியமைக்குக் கூம்புநோயாளரின் துன்பம் மட்டும் காரணமன்று. குறும்பார்வையை லேசர்க் கதிராற் படலத்தைச் செதுக்கித் திருத்தும் சிகிச்சை 1990களிற் பெருகியது. 1998இல் தியோ ஸைலரும் அவரது சகாக்களும், அச்சிகிச்சையின் பின் படலம் மெலிந்து புடைத்த கண்களைப் பற்றி அறிவித்தனர். அரும்புநிலைக் கூம்புடைய கண்ணைச் செதுக்குதல், விரிசலுற்ற சுவரை மேலும் சுரண்டுதல் போன்றதாகும். ஆகவே நல்ல கண்ணென வந்த ஒவ்வொருவரிடத்தும் மறைந்துள்ள கூம்பைத் தேடும் தேவை எழுந்தது. வறியவரின் நோயைத் தேடாத கருவி, வசதியுடையோரின் சிகிச்சைக்காக ஆக்கப்பட்டு, அதன் பின்னரே நோயாளரை நாடி வந்தது. அறிவியலின் வளர்ச்சிக்கும் பொருளாதாரத்திற்கும் உள்ள உறவை இது நன்கு விளக்குகின்றது.

2003: திருப்புமுனை

அதே ஸைலர், வொலென்ஸாக், ஷ்பேர்ல் ஆகியோருடன் ஜேர்மனியின் திறெஸ்டன் நகரில் மேற்கொண்ட ஆய்வு 2003இல் வெளிவந்தது. விற்றமின் பி2 ஆகிய ரைபோபிளேவினைப் படலத்தில் ஊறவிட்டு, 370 நனோமீற்றர் அலைநீளமுடைய கழியூதாக் கதிரை 30 நிமிடம் செலுத்தின், கொலாஜன் இழைகளுக்கிடையே புதிய பிணைப்புகள் தோன்றிப் படலம் விறைப்புறும். 22 நோயாளரின் 23 கண்களில் இது செய்யப்பட்டது. அக்கண்கள் அனைத்திலும் நோயின் வளர்ச்சி நின்றதென அவர்கள் அறிவித்தனர். 2016இல் அமெரிக்க அரசின் மருந்து நிருவாகமும் இம்முறைக்கு அங்கீகாரம் அளித்தது. இச்சிகிச்சை வழக்கிற்கு வந்தபின், நெதர்லாந்தில் கூம்புநோய்க்கான படலமாற்றுக்கள் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைந்தன.

இச்சிகிச்சை இழந்த பார்வையை முழுமையாக மீட்பதன்று. உள்ள பார்வையைக் காப்பது. ஆகவே அம்ஸ்லரின் ஒரு பாகை, இரு பாகை வேறுபாடுகள் ஐம்பதாண்டுகளுக்கு மேலாகப் பெற்றிராத பொருளை 2003க்குப் பின்னர் பெற்றன. முன்னர் அவை அறிவுக்கு மட்டும் உரியனவாயிருந்தன. இப்பொழுதோ, அவற்றைக் காணத் தவறிய ஒவ்வோர் ஆண்டும் ஓர் இளைஞனின் பார்வையில் மீளா இழப்பாகின்றது.

அபூர்வ நோயா?

பாடநூல்கள் நெடுங்காலம் இதனை அபூர்வ நோயெனவே கூறி வந்தன. அதற்கு ஆதாரமாய் நின்ற அமெரிக்க ஆய்வொன்று, 1986இல் வெளிவந்தது, இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 54 பேர் எனக் கணித்தது. 2017இல் நெதர்லாந்தில் வெளிவந்த ஆய்வோ 375 பேருக்கு ஒருவர் எனக் கண்டது. அஃது இலட்சத்திற்கு ஏறத்தாழ 265 ஆகும். மத்திய இந்தியாவின் கிராமப்புறத்தில் நிகழ்ந்து 2009இல் வெளிவந்த ஆய்வு, முதிர்ந்தோருள் நூற்றுக்கு 2.3 பேரின் படலம் கூம்புநோய்க்குரிய வளைவை உடையதென்றது. இங்கிலாந்தின் லெஸ்ரர் நகரில், 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வின்படி, தென்னாசிய வழியினரிடையே இந்நோய் வெள்ளையரிடத்தினும் நான்கு மடங்கு மிகுந்து காணப்பட்டது.

இவ்வெண்களை ஒன்றோடொன்று நேரே ஒப்பிடுதல் பொருந்தாது. ஒவ்வோர் ஆய்வும் ‘நோய்’ என்பதற்கு வெவ்வேறு எல்லை வகுத்தது. சான்றாக, மத்திய இந்திய ஆய்வு வளைவின் ஓர் அளவை மட்டுமே எல்லையாகக் கொண்டது. வயது, மக்கட்டொகுதி என்பனவும் வேறுபட்டன. அளவை நுணுக்கமுறுந்தோறும் நோயின் எல்லை விரிந்து, நோயற்றாரும் நோயாளராக எண்ணப்படும் ஆபத்து உண்டு என்னும் மறுப்பும் புறக்கணிக்கத்தக்கதன்று. அரும்புநிலையிலுள்ளோர் அனைவரும் கூம்புநிலையை எய்துவதில்லை. ஆயினும் கருவி அரிதாய் இருந்த காலத்தில் நோயும் அரிதாகத் தோன்றியது என்னும் அடிப்படைக் கூற்று இம்மறுப்பால் வீழ்வதன்று. எண்ணப்படாதவர் இல்லாதவர் ஆகார். இந்நோய்க்கு இலக்காவோருள் தென்னாசியர் முன்னிற்க, அதன் கருவிகள் யாவும் மேலைநாட்டிற் பிறந்தன. அக்கருவிகள் எமது கிராமங்களை எவ்வளவு காலத்தில் எட்டுகின்றன என்பது பௌதிகத்தின் வினாவன்று. சமூக நீதியின் வினாவாகும்.

முடிவுரை

தொகுத்து நோக்குமிடத்து, 1619இல் சாளர வெளிச்சத்தில் கண்ணாடிக் குண்டைப் பிடித்த துறவியிலிருந்து கணினியின் நிறப்படம் வரை, வினா ஒன்றேயாக இருந்து வந்துள்ளது: இக்கண்ணின் உருவம் யாது? ஷைனருக்கும் யங்கிற்கும் அது வெறும் அறிவின் வேட்கை. ஜவாலுக்குக் கண்ணாடி தெரிவதற்கான வழி. அம்ஸ்லருக்கு நோயின் இயல்பை விளக்கும் சான்று. 2003க்குப் பின்னர் அது பார்வையைக் காக்கும் முதற்படி. பயன் கருதாது தேடப்பட்ட அறிவு, பயன் வந்த நாளில் ஆயத்தமாய்க் காத்திருந்தது. அடிப்படை ஆய்வின் பயன் யாதென வினவுவோர்க்கு இதனினும் தெளிவான விடை வேண்டுவதில்லை.

கருவிகளைப் போற்றும் நாம், 1854இல் நொட்டிங்ஹம் செய்ததை மறத்தலும் ஆகாது. அவர் நோயாளரின் சொல்லைக் கேட்டார். ஆண்டுக்கு இருமுறை கண்ணாடி மாற்றியும் கரும்பலகை தெளியவில்லை எனக் கூறும் மாணவனும், கண்களை ஓயாது கசக்கும் பிள்ளையும் இன்றும் எம் வகுப்பறைகளில் இருக்கக்கூடும். ஓயாத கசக்கல் இந்நோயோடு தொடர்புடையது என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கவனக்குறைவு என்றோ சோம்பல் என்றோ அவர்களை ஒதுக்காது, தக்க வைத்தியரிடம் அனுப்புதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கருவியின் வேலை அதன் பின்னரே தொடங்குகின்றது.